ஊருக்குப் போறீங்களா? விளக்கைப் போட்டுவிட்டுப் போனால் மட்டும் போதாது!

தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை வந்தால் காவல் துறையின் அறிவிப்பும் வந்துவிடும்: ‘வெளியூர் செல்வோர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிட்டுச் செல்லவும்.’ கூடவே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் யோசனைகளும் குவியும். ‘ஹால்ல ஒரு லைட்டைப் போட்டுட்டுப் போங்க’, ‘ரேடியோவைப் பாட விட்டுட்டுப் போங்க’, ‘வாசல்ல ரெண்டு ஜோடி பழைய செருப்பைப் போட்டு வைங்க’. எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான். ஆள் இல்லாத வீட்டை ஆள் இருக்கும் வீடு போலக் காட்ட வேண்டும்.

இந்த யோசனைகளில் தப்பு இல்லை. ஆனால், இவை பாதி வேலையைத்தான் செய்யும். பெருநகர அடுக்குமாடியில் எதிர்வீட்டில் யார் இருக்கிறார் என்றே தெரியாது. புதுக்கோட்டை மாதிரி மாவட்டத்தில் அப்படியா? நீங்கள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஏறும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும். ‘எங்க, குடும்பத்தோட கிளம்பிட்டீங்க?’ என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். இங்கே எரியும் விளக்கு, தெருவுக்குப் புதிதாக வந்து நோட்டம் விடும் ஆளை ஏமாற்றலாம். நீங்கள் ஊரில் இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்த ஆளை ஏமாற்றாது. அவரைத் தயங்க வைப்பது ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்கு உண்மையிலேயே ஒருவர் வந்து போக வேண்டும். பூட்டுக்கும் கேமராவுக்கும் யோசிக்காமல் செலவு செய்யும் நாம், இந்த ஓர் ஏற்பாட்டை மட்டும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

வாசல் சொல்லிவிடும்

நம் ஊரில் வீட்டு வாசல் ஒரு வருகைப் பதிவேடு. காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்கள். ஒருநாள் கோலம் இல்லையென்றால், ‘உடம்பு சரியில்லையா?’ என்று எதிர்வீட்டில் கேட்பார்கள். மூன்று நாள் இல்லையென்றால் யாரும் கேட்கவே வேண்டாம். வீடே பதில் சொல்லிவிடும்.

கோலம் மட்டுமல்ல. கேட்டில் செருகிய நோட்டீஸ்கள், திண்ணையில் கிடக்கும் நாளிதழ், வாடிய துளசி, பெருக்காத வேப்பஞ்சருகு, துணி காயாத கொடி, காலையில் சத்தம் கேட்காத தண்ணீர் மோட்டார் என எல்லாமே சேதி சொல்கின்றன. எல்லாவற்றிலும் சத்தமாகச் சொல்வது இரண்டு. ஒன்று, கேட்டுக்கு வெளிப்பக்கம் தொங்கும் பெரிய பூட்டு. மற்றொன்று, பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் வாசல் விளக்கு. இரவில் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்ட அதே விளக்கு, பகல் 12 மணிக்கும் எரிந்தால் ‘அணைக்க ஆள் இல்லை’ என்றுதான் அர்த்தம்.

இவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் சரிசெய்யக்கூடியவை. கிரில் கேட்டின் பூட்டை உள்பக்கமாகத் திருப்பிப் போடலாம். தலைவாசல் கதவுக்கு வெளியே தெரியாத உள்பூட்டு போதும். ஜன்னல் திரைகளை எல்லா நாளும் எப்படி விடுவீர்களோ அப்படியே விட்டுப் போங்கள். எப்போதும் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாமே ஒரேயடியாகச் சாத்தியிருந்தால் அதுவும் ஓர் அடையாளம்தான்.

பால், பேப்பர் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘பத்து நாளைக்கு வேண்டாம்’ என்று சொல்லி நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால், அப்படிச் சொல்லும்போது நீங்கள் இல்லாத நாள்களை நீங்களே கணக்குப் போட்டுக் கொடுக்கிறீர்கள். பால்காரர் நல்லவர்தான். அவர் டீக்கடையில் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்பவர் யார் என்பதுதான் கேள்வி. முடிந்தால் பாலும் பேப்பரும் வழக்கம்போல வரட்டும். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளட்டும். பத்து நாள் பால் செலவு என்பது பூட்டின் விலையை விடப் பெரிதல்ல.

திருடர் கேட்கும் ஒரே கேள்வி

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரிச்சர்ட் ரைட், ஸ்காட் டெக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், சிறையில் இல்லாமல் வெளியே தொழிலில் இருந்த 105 வீட்டுத் திருடர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி கண்டார்கள். 1994இல் அது புத்தகமாக வந்தது. அந்தப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம், ஆள் இருக்கும் வீட்டுக்குள் போகப் பெரும்பாலானோர் விரும்புவதில்லை என்பது. பூட்டு எவ்வளவு பெரியது என்பதை விட, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அதைத் தெரிந்துகொள்ளக் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். பதில் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நம் தெருவிலும் கதை இதுதான். ‘இந்த அட்ரஸ் எங்கம்மா இருக்கு?’ என்று காலிங் பெல்லை அடிப்பவர் உண்மையிலேயே வழி கேட்பவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதற்காகத் தெருவில் வரும் பாத்திரக்காரர், துணி வியாபாரி எல்லாரையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது அநியாயம். விஷயம் ஆளைப் பற்றியதல்ல; பதிலைப் பற்றியது. மணி அடித்தால் யாராவது குரல் கொடுக்க வேண்டும். கைபேசியிலிருந்தே பேசக்கூடிய காலிங் பெல் இப்போது கிடைக்கிறது. அதைவிட எளிது, எதிர்வீட்டிலிருந்து வரும் ‘யாருங்க, என்ன வேணும்?’ என்ற ஒரு குரல்.

நாமே அடிக்கும் தண்டோரா

2010இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சிலர் ‘ப்ளீஸ் ராப் மீ’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். ‘நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று மக்கள் சமூக வலைதளங்களில் தாங்களே வெளியிட்டவற்றைத் திரட்டி, ‘இவர் வீட்டில் இல்லை’ என்று காட்டியது அது. திருடுவதற்காக அல்ல, நாம் எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறோம் என்று உறைக்க வைப்பதற்காக.

புதுக்கோட்டையில் இதற்கு இணையம்கூடத் தேவையில்லை. காதணி விழாவுக்கும் திருமணத்துக்கும் குடும்பப் படத்தோடு பிளக்ஸ் வைக்கிறோம். தேதி, நேரம், மண்டபத்தின் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதும் எழுதாமலே அதில் இருக்கிறது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எப்போது பணம் வருகிறது என்பது ஊரறிந்த விஷயம். தச்சங்குறிச்சியிலோ வேறு ஊரிலோ ஜல்லிக்கட்டு என்றாலும், மாசியில் திருவப்பூர் மாரியம்மன் கோயில் திருவிழா என்றாலும், வீட்டில் இருக்கும் கடைசி ஆள் வரை கிளம்பிவிடுவார்.

அதனால், ‘பயணம்’ என்றால் கொடைக்கானலுக்கு மூன்று நாள் போவது மட்டுமல்ல. மண்டபத்தில் இருக்கும் ஆறு மணி நேரமும் பயணம்தான். விசேஷத்தை மறைத்து நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. செய்ய வேண்டியது எளிது. பந்தியைக் கவனிக்க ஆள் போடுவது போல, வீட்டில் இருக்கவும் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மொய்ப் பணத்தை அன்றிரவு வீட்டில் வைக்காமல் வங்கியில் போட வழி செய்யுங்கள். சுற்றுலாப் படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது திரும்பி வந்த பிறகாக இருக்கட்டும். இரண்டு நாள் தாமதமாக வைத்தால் லைக் குறைந்துவிடாது.

செட்டிநாட்டு வீடுகள் கற்றுத் தருவது

பூட்டிய வீட்டைப் பராமரிப்பதில் தமிழ்நாட்டிலேயே நீண்ட அனுபவம் உள்ள மாவட்டங்களில் ஒன்று புதுக்கோட்டை. செட்டிநாடு என்றதும் காரைக்குடியைத்தான் நினைக்கிறோம். ஆனால், நகரத்தார் ஊர்களில் பல புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. ராயவரம், கடியாபட்டி, அரிமளம், குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி என்று பட்டியல் நீளும். பர்மா, மலேயா, இலங்கையில் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அவை. இரண்டாம் உலகப் போரோடு அந்த வணிகம் சரிந்தது. அடுத்த தலைமுறைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டன. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியலில் இடம் பிடித்த பெருமை ஒருபக்கம். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் பூட்டியே கிடக்கும் வீடுகள் மறுபக்கம்.

இந்த வீடுகளில் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் ஒரு விளக்கைப் போட்டு பின்கட்டைக் காப்பாற்ற முடியாது. அதோடு, திருமணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே பங்காளிகள் கூடுகிற வீடு அது என்பது ஊருக்கே தெரியும். அங்கே யாரும் நடிப்பதில்லை. ஓர் ஆளைப் போடுகிறார்கள். அவர் காலையில் வாசலைப் பெருக்குகிறார், மாலையில் விளக்கேற்றுகிறார், மழை பெய்தால் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிறார். அப்படி ஒருவர் இருக்கும் வீடு நிற்கிறது.

ஆள் இல்லாத வீட்டில் என்ன ஆகிறது? திருடர் வருவதற்கு முன்பே கரையான் வருகிறது. ஓடு நழுவி மழைத் தண்ணீர் இறங்குகிறது. பழைய மரச் சாமான்களுக்கும் பீங்கானுக்கும் சந்தையில் நல்ல விலை இருக்கிறது. ஒரு பொருள் காணாமல் போனால், அது போனதே அடுத்த விசேஷத்துக்கு வீட்டைத் திறக்கும்போதுதான் தெரியவரும். எந்த மாதம் போனது என்று சொல்லத் தெரியாதவரிடம் காவல் துறை எதை விசாரிக்கும்? பத்துப் பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டில் ‘அவங்க பார்த்துக்குவாங்க’ என்று ஒவ்வொருவரும் நினைத்தால், யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். பாதுகாப்பு பூட்டில் மட்டும் இல்லை. தினமும் வந்து பார்க்கும் கண்ணில் இருக்கிறது. இந்தப் பாடம் 60 அறை மாளிகைக்கு மட்டுமல்ல, ராஜகோபாலபுரத்து இரண்டு படுக்கையறை வீட்டுக்கும் பொருந்தும்.

கருவிகளின் எல்லை

அதற்காகக் கருவிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறிப்பிட்ட நேரத்தில் விளக்கைப் போட்டு அணைக்கும் டைமர் நல்ல பொருள். மாலையில் ஹால், இரவு படுக்கையறை, பிறகு எல்லாம் அணைந்துவிட வேண்டும் என்று வைத்தால், விடிய விடிய எரியும் ஒற்றை விளக்கை விட நம்பும்படி இருக்கும். டிவி ஓடுவது போல நிறம் மாறி மாறி ஒளி விடும் சிறு விளக்குகளும் கிடைக்கின்றன.

ஆனால், நம் ஊர் மின்தடையை மறந்துவிடாதீர்கள். சுற்றும் சக்கரம் வைத்த சாதாரண டைமர், மின்சாரம் போனால் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். மூன்று மணி நேரம் மின்தடை என்றால் அன்றிலிருந்து உங்கள் விளக்கும் மூன்று மணி நேரம் தாமதம்தான். வைஃபையை நம்பியிருக்கும் கேமராவும் மின்சாரம் போனால் கண்ணை மூடிக்கொள்ளும். அது சரியாக வேலை செய்தாலும், சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் கைபேசிக்குத்தான் படம் வரும். அந்த நேரத்தில் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்தப் பெயரும் எண்ணும் முதலிலேயே முடிவாகியிருக்க வேண்டும். கூப்பிட ஆள் இல்லாதவருக்குக் கேமரா தருவது திருட்டைப் பார்க்கும் வசதியை மட்டும்தான்.

பாட்டியைக் காவல் வைக்காதீர்கள்

இன்னொரு வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ‘அதான் ஆத்தா வீட்ல இருக்காங்களே, பயமில்லை’ என்று எழுபது, எண்பது வயதுப் பெரியவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரும் கிளம்புவது. வீடு காலியாக இல்லை, உண்மைதான். ஆனால், காலி வீட்டில் நடந்தால் அது திருட்டு; போனது பொருள். முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் நடந்தால் அது கொள்ளையாகலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். கழுத்துச் சங்கிலியும் தோடுமாக ஒரு மூதாட்டியைப் பூட்டுக்குப் பதிலாக வைத்துவிட்டுப் போவது பாதுகாப்பு ஏற்பாடே அல்ல. அவர் பயணத்துக்கு வர முடியாதென்றால், துணைக்கு இன்னொருவர் இரவில் தங்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால், அவரைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதே மேல்.

பக்கத்து வீடுதான் முதல் கேமரா

இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்புப் பகுதியில் 1980களின் இரண்டாம் பாதியில் ஒரு திட்டம் நடந்தது. வீட்டுத் திருட்டு அங்கே மிக அதிகம். திருட்டு நடந்த வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் ‘இந்த ஒரு வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார்கள். திருடர்களை ஈர்த்த, காசு போட்டுப் பயன்படுத்தும் மின், எரிவாயு மீட்டர்களை அகற்றினார்கள். வேறு சில நடவடிக்கைகளும் சேர்ந்தன. சில ஆண்டுகளிலேயே திருட்டு முன்பிருந்ததில் கால் பங்கு அளவுக்குக் குறைந்தது. ஊர் முழுவதையும் கண்காணிக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். ‘இந்த ஒரு வீடு’ என்றால் செய்வார்கள்.

நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். ‘வீட்டைப் பார்த்துக்கங்க அக்கா’ என்று போகிற போக்கில் சொல்வது உதவி கேட்பதாகாது. ‘காலையில பேப்பரை எடுத்து வச்சிருங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் லைட்டைப் போடுங்க, கேட்டுக்குள்ள உங்க வண்டிய நிறுத்திக்கங்க, ஏதாவதுன்னா இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க’ என்று நாலு வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது இதே வேலையை நீங்கள் செய்யுங்கள். திரும்பி வரும்போது ஒரு பாக்கெட் அல்வாவும் வாங்கி வாருங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர் இருந்தால், நீங்கள் இல்லாத நாள்களில் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சம்பளத்தைக் கொடுத்து, காலையில் வந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் போகச் சொல்லுங்கள். எந்த டைமரும் தராத பாதுகாப்பு அது.

ஆனால், இதில் ஒரு நியாயம் இருக்கிறது. திருட்டு என்று வந்துவிட்டால் நம் ஊரில் முதல் சந்தேகம் யார் மேல் விழும்? வேலைக்கு வரும் அந்தப் பெண் மேல். அடுத்தது, உதவி செய்த பக்கத்து வீட்டுப் பையன் மேல். நல்ல மனதோடு உதவியவரை ஸ்டேஷன் வாசலில் நிற்க வைப்பது திருட்டை விடப் பெரிய கொடுமை. அதனால், அவர்களிடம் கேட் சாவியையும் வாசல் விளக்கின் ஸ்விட்சையும் மட்டும் விடுங்கள். அறைச் சாவி, பீரோ சாவி வேண்டாம். இது அவர்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல, அவர்களைப் பாதுகாப்பதற்காக. ‘உங்களுக்கு எந்தப் பேச்சும் வரக் கூடாதுன்னுதான்’ என்று வாய் திறந்து சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

காவல் நிலையத்தில் சொல்லலாமா?

சொல்ல வேண்டும். ‘போலீஸ்ல சொன்னா நாம இல்லைங்கிறது இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமே’ என்று தயங்குபவர்கள் உண்டு. தெருவுக்கே தெரிந்த விஷயத்தை, ரோந்து வரும் காவலருக்கு மட்டும் மறைப்பதில் அர்த்தமில்லை. வீட்டு முகவரி, போகும் நாள், திரும்பும் நாள், உங்கள் எண், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரின் எண் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். கடைசி எண்தான் முக்கியம். ரோந்துக் காவலர் சந்தேகமாக எதையாவது பார்த்தால், 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உங்களை விட, பத்தடியில் இருப்பவரால்தான் உதவ முடியும்.

காவல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். தகவல் சொல்லச் சொல்வதோடு வேலை முடியவில்லை. சொன்னவருக்கு என்ன கிடைத்தது என்பதும் தெரிய வேண்டும். ஆந்திரக் காவல் துறை, பூட்டிய வீடுகளுக்கென்றே ஒரு செயலி வைத்து, கேட்டுக்கொள்பவரின் வீட்டில் அசைவைக் கண்டுகொள்ளும் கேமராவைப் பொருத்தும் திட்டத்தை 2017 வாக்கில் கொண்டுவந்தது. அவ்வளவு செலவு செய்ய முடியாவிட்டாலும், ‘நேற்றிரவு உங்கள் தெருவுக்கு வந்து பார்த்தோம்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாமே? அது வந்தால் அடுத்த முறை பத்துப் பேர் தகவல் சொல்வார்கள். வராவிட்டால் அறிவிப்பு பண்டிகைச் சடங்காகவே இருக்கும்.

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, திருடும் நோக்கத்தோடு இரவில் வீடு புகுந்து உடைத்தால் 14 ஆண்டுகள் வரை சிறை. ஆனால், ஆள் பிடிபட்ட பிறகுதான் சட்டம் பேசும்.

வீட்டில் இல்லாததைத் திருட முடியாது

எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் நகையையும் ரொக்கத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அரிசிப் பானை, சாமி மாடம், பீரோவில் துணிக்கு அடியில் என நாம் ஒளிக்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

வங்கி லாக்கர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 2022 ஜனவரி 1 முதல், தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி போன்றவற்றால் லாக்கரில் இருப்பது போனால், வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம் ரூபாய். நகையின் முழு மதிப்பும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தாலும், பூட்டிய வீட்டின் பீரோவை விட அது எவ்வளவோ மேல்.

வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் இரண்டு விஷயங்களைப் படித்துப் பாருங்கள். திருட்டுக்கான காப்பீடு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா? வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் காலியாக இருந்தால் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் மாதக்கணக்கில் போய்த் தங்கும் பெற்றோருக்கு இந்த இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். நகைகளின் படமும் பில்லும் கைபேசியில் ஒரு பிரதி இருக்கட்டும்.

திரும்பி வரும்போது

ஊரிலிருந்து திரும்பும்போது பூட்டு உடைந்திருப்பதைப் பார்த்தால், பதறிப்போய் உள்ளே ஓடாதீர்கள். உள்ளே இன்னும் ஆள் இருக்கலாம். கதவையோ பீரோவையோ தொட்டால் கைரேகைகள் அழிந்துவிடும். வெளியிலேயே நின்று 100 அல்லது 112க்கு அழையுங்கள்; பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அப்படியே இருந்தால் பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. வந்துவிட்டோம் என்று காவல் நிலையத்துக்கு ஒரு போன். அந்த அல்வா பாக்கெட்டோடு பக்கத்து வீட்டுக்கு ஒரு நடை. அடுத்த மாதம் அவர்கள் திருப்பதிக்குப் போகலாம். தேதியை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.